ஆராய்ச்சி யார் வீட்டுக் களஞ்சியத்தில்?

6,000 கோடி ரூபாய்! 2024 நவம்பர் 25-ஆம் தேதி மத்திய மந்திரி சபை கூடி, 2025 முதல் 2027 வரை மூன்று வருஷத்துக்கென்று ஒதுக்கிய பணம் இது. எதற்கு? அணை கட்டவா? மில் தொழிலாளிக்கு வீடு கட்டவா? இல்லை. விஞ்ஞானப் பத்திரிகைகளுக்குச் சந்தா கட்ட! 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். முப்பது பதிப்பகங்கள், சுமார் 13,000 பத்திரிகைகள். எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி என்று அன்னிய நாட்டு ஏகபோகக் கம்பெனிகளே இந்தப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன.

"பிள்ளைகள் படிப்பது நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். படிக்கட்டும், தோழர்களே. படிப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஆராய்ச்சி நடப்பது பல்கலைக் கழகத்தில், மக்களின் வரிப் பணத்தில். கட்டுரையை எழுதுபவர் சர்க்கார் சம்பளம் வாங்கும் பேராசிரியர். அது சரியா தப்பா என்று பரிசோதித்துச் சொல்வதும் இன்னொரு பேராசிரியர்தான். அதற்குக் கம்பெனி அநேகமாகச் சல்லிக் காசு தருவதில்லை. பிறகு அதே கட்டுரையைக் கம்பெனி பூட்டி வைத்துக்கொண்டு, அதே பல்கலைக் கழகத்துக்கு விலைக்கு விற்கிறது! நீ உழுது, நாற்று நட்டு, அறுத்து, கண்டுமுதல் செய்து மிராசுதார் களஞ்சியத்தில் கொட்டிவிட்டு, மறுநாள் அவன் வாசலிலேயே படி நெல்லுக்குக் காசோடு நிற்கிறாயே, அதே கதைதான். எல்சவியர் கம்பெனிக்கு இந்தத் தொழிலில் நூறு ரூபாய் வரவில் முப்பத்தைந்து ரூபாய்க்கு மேல் லாபம் நிற்கிறது. எந்தப் பஞ்சாலை முதலாளிக்கு இந்தப் பாக்கியம் உண்டு?

இவ்வளவு கொடுத்தும் அந்தப் பத்திரிகைகளை யார் பார்க்கலாம்? சர்க்கார் கல்லூரிகளும் பல்கலைக் கழகங்களும் மத்திய சர்க்கார் ஆராய்ச்சி நிலையங்களும். உங்கள் ஊர் நூலகத்துக்கு இடமில்லை. உங்கள் சங்க ஆபீசுக்கு இடமில்லை. உங்கள் நெஞ்சுக்குள் படியும் பஞ்சுத் தூசியைப் பற்றி ஒருவன் எழுதியிருந்தால், அதை நீங்கள் பார்க்க வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் மேதாவிகள் சிலர் மேடையேறி, "நம் ஆராய்ச்சிக்குத் தாக்கம் போதவில்லை" என்று கண்ணீர் வடிக்கிறார்கள். தாக்கம் என்றால் என்ன? 2016 முதல் மத்திய சர்க்கார் வருஷா வருஷம் வெளியிடும் கல்லூரித் தரவரிசையைப் பாருங்கள். ஆராய்ச்சி என்ற கணக்கில் எத்தனை கட்டுரை அச்சானது, மற்றக் கட்டுரைக்காரர்கள் அதை எத்தனை முறை எடுத்துக் காட்டினார்கள், எத்தனை பேடண்ட் வாங்கினார்கள், எவ்வளவு பணம் வந்தது என்று எண்ணுகிறார்கள். எத்தனை கார்டிங் தொழிலாளியின் இருமல் நின்றது என்று எண்ணுவதில்லை. இந்த எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவதற்கு ஆலோசகர்களை வைக்கலாமா, விளம்பரம் செய்யலாமா என்று யோசனை நடக்கிறது. பக்கத்திலேயே நிற்கும் ஆளை மட்டும் இவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

யார் அந்த ஆள்? ஆராய்ச்சிக் கூடச் சிப்பந்தி. கருவியைத் துடைத்து, சரிபார்த்து, அளவெடுத்துக் குறித்து வைப்பவர். நூலகத்தில் அடுக்கிக் கொடுப்பவர். நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் பூவின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, காகித உறை மாட்டி, மற்ற ரகத்தின் மகரந்தம் தூவுகிறாரே, அந்தக் கூலி ஆள். ஒட்டு நெல்லுக்குப் பெயர் வைக்கும்போது இவர் பெயர் வருமா?

அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்று ஒரு கறுப்பினத் தொழிலாளி இருந்தார். தச்சர் மகன். கல்லூரிக்கென்று சேர்த்த பணம் பாங்கி முறிந்ததில் போயிற்று. 1930-இல் வாண்டர்பில்ட் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பிளேலாக்கின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி வேலை, சம்பளப் பட்டியலில் எழுதியதோ கூட்டிப் பெருக்கும் ஆள் என்று! பிறவியிலேயே இருதயக் கோளாறால் நீலம் பாய்ந்து சாகும் குழந்தைகளைக் காப்பாற்றும் ரண சிகிச்சையை நாய்களுக்குச் செய்து செய்து பார்த்து முறைப்படுத்தியவர் அவர். 1944 நவம்பர் 29-ஆம் தேதி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் முதல் குழந்தைக்குச் சிகிச்சை நடந்தபோது, டாக்டரின் தோளுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டுப் பலகை மேல் நின்று, தையல் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். 1945-இல் அச்சான கட்டுரையில் இரண்டு டாக்டர்கள் பெயர் இருக்கிறது. தாமஸ் பெயர் இல்லை. கௌரவப் பட்டம் கொடுக்க 1976 வரை காத்திருந்தார்கள்.

அது அமெரிக்காவின் நிறவெறி என்று தள்ளிவிட வேண்டாம். நம் நாட்டில் ஜாதியும் காண்டிராக்டும் சேர்ந்து இதே வேலையைச் செய்கின்றன. திட்டப் பணம் இருக்கும் வரை ஒருவருக்கு வேலை. பணம் முடிந்தால் சீட்டுக் கிழிந்தது. அவரோடு சேர்ந்து அந்தக் கருவியின் கோணல் எது, மூன்றாம் மாதத்து அளவு ஏன் தப்பாக வந்தது என்ற அறிவும் வெளியே போகிறது. பிறகு, ஆராய்ச்சிக்குத் தாக்கம் இல்லையாம்!

இப்போது மில்லுக்கு வருவோம்.

புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வார லீவு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சை யாரோ கயிற்றால் கட்டியதுபோல் இருக்கும். மறுநாள் குறையும். சில வருஷம் போனால் இரண்டாம் நாளும் இருக்கும். பிறகு எல்லா நாளும். கடைசியில் லீவு நாளிலும் மாடிப்படி ஏற முடியாது. இதற்குப் பிஸினோசிஸ் என்று பெயர். மான்செஸ்டரில் ஜேம்ஸ் கே என்ற டாக்டர் நூற்பாலைத் தொழிலாளரின் நெஞ்சு நோயைப் பற்றி 1831-லேயே எழுதினார். பிரிட்டனில் நஷ்ட ஈட்டுத் திட்டம் வந்தது 1941-இல். நூற்றுப் பத்து வருஷம்! அதுவும் இருபது வருஷம் கார்டிங்கில் உழைத்த ஆண்களுக்கு மட்டும். 1950-களில் ஷில்லிங் என்ற டாக்டர் லங்காஷயர் மில்களில் ஆளாளாக விசாரித்து, நோயின் படிகளை வகுத்தார்.

அமெரிக்க மில் முதலாளிகளோ, "எங்கள் மில்லில் அந்த நோயே கிடையாது" என்று சாதித்தார்கள். 1975-இல் கரோலினா மாகாணங்களில் மூச்சு வாங்கும் பழைய தொழிலாளிகள் கூடிப் 'பழுப்பு நுரையீரல் சங்கம்' அமைத்தார்கள். தாங்களே முகாம் நடத்தி, ஆட்களை வரிசையாக ஊத வைத்து, மூச்சை அளந்து கணக்கை நீட்டினார்கள். 1978-இல் சட்டம் வந்தது: நூற்பு இலாகாவில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் தூசிக்கு மேல் கூடாது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1981-இல் அங்கேயும் தோற்றார்கள். கட்டுரை அலமாரியில் எத்தனையோ வருஷம் தூங்கியது; அதை எழுப்பியது ஊதிக் காட்டிய தொழிலாளியின் மூச்சு.

இந்தியாவில் 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இந்த நோய் தொழில் நோயாக இடம் பெற்றது. ஆனால் நிரூபிக்க வேண்டுமே! எக்ஸ்ரே எடுத்தால் இதற்கென்று தனி அடையாளம் விழாது. "படத்தில் ஒன்றுமில்லை, பீடியை விடு" என்று சொல்லி அனுப்பிவிடலாம். வாரத்தின் நடுவில், ஷிப்டுக்கு முன்னால் மட்டும் ஊதச் சொன்னால் அளவு நன்றாகக்கூட வரலாம். லீவு முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அளந்தால்தான் இறக்கம் தெரியும். இது கருவியைக் கையில் பிடிக்கும் சிப்பந்திக்குத் தெரியும். எந்த நாளில் அளந்தோம், எந்த இலாகா, எத்தனை மணி என்று அவர் எழுதி வைத்தால் ஆராய்ச்சி உயிரோடு இருக்கும். எழுதாவிட்டால் முதலாளியின் வக்கீல் ஒரே கேள்வியில் அதைக் கொன்றுவிடுவான்.

நூலகச் சிப்பந்தியின் கையிலும் ஒரு சாவி இருக்கிறது. மத்திய சர்க்காரின் விஞ்ஞான இலாகாக்கள் 2014-இல் ஒரு கொள்கை வெளியிட்டன: எங்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக் கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் பார்க்கும் பொதுச் சேமிப்பில் வைக்க வேண்டும் என்று. விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-லேயே சொல்லிவிட்டது. பெரும்பாலான கம்பெனிகளும், சில மாதம் கழித்தாவது, ஆசிரியரின் கடைசிக் கைப்பிரதியை வெளியே வைக்க அனுமதிக்கின்றன. ஆனால் பேராசிரியருக்கு நேரமில்லை. கட்டுரை அச்சானதும் பதவி உயர்வு மனுவில் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே கைப்பிரதியை வாங்கி வைப்பதும், தவணை முடிந்ததும் பொதுவில் வைப்பதும், இரண்டு பக்கத் தமிழில் விஷயத்தை எழுதிச் சங்கத்துக்கும் கிராமத்துக்கும் அனுப்புவதும் நூலகத்து ஆளால் ஆகிற வேலை.

இது புதுமையும் அல்ல. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். புத்தகத்தைப் பூட்டிக் காப்பதல்ல தன் வேலை என்று கண்ட மனிதர். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போகும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் அவர். வண்டி கட்டிப் புத்தகம் போன மண்ணில், கம்பிவழி ஒரு நொடியில் போகக்கூடிய கட்டுரைக்கு இன்று பூட்டு!

"தொழிலாளிக்கு இதெல்லாம் புரியுமா?" என்று இளிக்கிற கனவான்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். நாற்பதாம் நம்பர் நூல் ஏன் அறுகிறது என்று சத்தத்திலேயே சொல்பவனுக்குத் தன் மூச்சுக் கணக்குப் புரியாதா?

ஆனால் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள் இருந்தால் மட்டும் போதாது. 1960-இல் தஞ்சையில் தீவிர விவசாயத் திட்டம் வந்தது. ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் ஒட்டிய ஆடுதுறை 27 குறுவையில் இறங்கியது. சிப்பந்திகள் விதையையும் உரத்தையும் மிராசுதார் வாசலுக்கே கொண்டு போனார்கள். விளைச்சல் ஏறியது. ஏறிய விளைச்சலில் கொஞ்சம் கூலி நெல் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. விளைச்சல் கணக்கில் அது மகத்தான ஆராய்ச்சி வெற்றி. யாருக்காகப் போகிறது என்று கேட்கும் சங்கம் சிப்பந்திகளிடத்திலும் வேண்டும். சம்பளத்துக்கும் நிரந்தரத்துக்கும் போராடுகிற நம் சிப்பந்தித் தோழர்கள், இந்தக் கேள்வியைப் பேராசிரியர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது நியாயமில்லை. பஞ்சாலைச் சங்கங்களும் பல்கலைக் கழகச் சிப்பந்திகள் சங்கத்தோடு ஒரு முறையாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

அடுத்த மாதச் சங்கக் கமிட்டியில் பேசுங்கள். பக்கத்துப் பல்கலைக் கழகத்தில் பஞ்சுத் தூசி, பூச்சி மருந்து, கூலி பற்றி என்ன ஆராய்ச்சி நடந்தது என்ற பட்டியலைச் சங்கத்தின் பேரில் எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்று பார்த்து, அந்தச் சிப்பந்தியைக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர் காண்டிராக்ட் ஆளாக இருந்தால் அவரை நிரந்தரமாக்கும் கோரிக்கையையும் உங்கள் மனுவிலேயே சேருங்கள். மூச்சுச் சோதனை முகாம் நடத்துவதாக இருந்தால், நிர்வாகம் எந்த நாளைக் கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்: வார லீவு முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன்னும் பின்னும். சுழற்சி லீவு உள்ள மில்லில் ஒவ்வொருவருக்கும் அந்த நாள் வேறு. கார்டைப் பார்த்துத் தேதி போடுங்கள்.