அம்மா தனியாகப் பேருந்து ஏறட்டும்



லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய்வந்த பெற்றோரிடம் ஊர் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். சனி, ஞாயிறு பிள்ளைகள் வெளியே கூட்டிப்போனார்கள், மற்ற நாளெல்லாம் வீட்டிலேயே இருந்தோம் என்பார்கள் பலர். குளிர் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் தயக்கம். டிக்கெட் எங்கே வாங்குவது, எந்த மண்டலத்துக்கு எவ்வளவு, தப்பாக ஏறிவிட்டால் அபராதம் போடுவார்களா? இந்தக் கேள்விகளே அவர்களை வாசற்படியோடு நிறுத்திவிடுகின்றன. இந்தக் கோடையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களே, கைப்பையில் இருக்கும் வங்கி கார்டுதான் அங்கே டிக்கெட். தைரியமாக வெளியே கிளம்புங்கள்.

லண்டன் பேருந்துகளில் 2012 டிசம்பரிலும் ட்யூப் எனப்படும் சுரங்க ரயிலில் 2014 செப்டம்பரிலும் இந்த வசதி வந்தது. 2014 ஜூலையோடு பேருந்தில் ரொக்கம் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். ஏறியதும் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் வட்டத்தின் மேல் கார்டை வைத்து எடுத்தால் வேலை முடிந்தது. பின் நம்பர் கேட்காது. பேருந்தில் இறங்கும்போது மறுபடி வைக்க வேண்டாம். ரயிலில் மட்டும் நுழையும்போதும் வைக்க வேண்டும், வெளியேறும்போதும் வைக்க வேண்டும். ஒன்றை மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். ஹீத்ரோவில் வந்து இறங்கியவர் அங்கிருந்தே இப்படி ரயில் ஏறலாம், டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

இது நடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ரயில் நிலையக் கதவு திறக்க அரை நொடிதான் அவகாசம். அதற்குள் சென்னையில் இருக்கும் உங்கள் வங்கியைக் கேட்டுப் பதில் வாங்க முடியாது. அதனால் கார்டு உண்மையானதுதானா, தடை செய்யப்பட்ட கார்டுகளின் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு உள்ளே விடுகிறார்கள். அன்று முழுவதும் நீங்கள் ஏறி இறங்கியதையெல்லாம் பிறகு கோத்துக் கணக்குப் போட்டு, ஒரே தொகையாக எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு கடைசியில் போடுவதால் உச்சவரம்பு வைக்கவும் முடிகிறது. 2025 கட்டணப்படி ஒரு பேருந்துப் பயணம் 1.75 பவுண்ட். முதலில் கார்டை வைத்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து ஏறினால் அதற்குக் காசில்லை. நாள் முழுக்கப் பேருந்திலேயே சுற்றினாலும் 5.25 பவுண்டுக்கு மேல் போகாது. முன்பெல்லாம் எந்த பாஸ் லாபம் என்று தெரிந்தவர் குறைவாகக் கொடுத்தார், தெரியாத வெளியூர்க்காரர் கூடுதலாகக் கொடுத்தார். இப்போது அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் நேற்று வந்திறங்கிய நம் அம்மாவுக்கும் ஒரே கணக்கு. பொதுப் போக்குவரத்து இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 மார்ச் 16-க்குப் பிறகு தரப்பட்ட கார்டுகள் முதலில் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். வெளிநாட்டுப் பயன்பாடு, கான்டாக்ட்லெஸ் என்ற தொட்டுச் செலுத்தும் வசதி இரண்டையும் நாம்தான் வங்கிச் செயலியிலோ கிளையிலோ சொல்லித் திறந்துவிட வேண்டும். அந்நியச் செலாவணிக்கு வங்கி எவ்வளவு பிடிக்கும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் கார்டுகளை லண்டனில் ஏற்கிறார்கள். ரூபே கார்டை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், அப்பா கார்டில் அம்மாவும் போக முடியாது. நுழையும்போது கார்டு, வெளியேறும்போது அதே கார்டு ஏற்றிய கைபேசி என்று மாற்றிக் காட்டவும் கூடாது. கைபேசிக்குள் இருப்பது வேறொரு எண் என்பதால் இரண்டு பேர் பாதிப் பயணம் செய்ததாகக் கணக்கில் ஏறும். அறுபது வயதானவர்களுக்கான இலவசப் பயண அட்டை லண்டன்வாசிகளுக்கு மட்டுமே உண்டு. 11 முதல் 15 வயதுப் பிள்ளைகள் வங்கி கார்டைக் காட்டினால் பெரியவர் கட்டணம் போய்விடும். அவர்களுக்கு ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை வாங்கி, நிலைய ஊழியரிடம் சொல்லிச் சலுகையைப் பதிந்துகொள்ளுங்கள்.

இத்தனை வசதி இருந்தும் இந்த முறை சிலருக்கு ஏன் அச்சம் தருகிறது என்பதற்கு, சிங்கப்பூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே சிம்ப்ளிகோ என்ற பெயரில் 2019-இல் வங்கி கார்டு முறை வந்தது. 2024 ஜனவரியில், முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் பழைய வகை அட்டைகளை ஜூன் முதல் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். பழைய அட்டையை வைத்தால் எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு என்று அங்கேயே திரையில் தெரியும். புதிய முறையில் அது தெரியாது, செயலியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். இரண்டே வாரத்தில் அரசு முடிவை மாற்றிக்கொண்டது, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கியது. வீண்செலவு என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துச் செலவழித்தே பழகிய தலைமுறைக்கு, கண்ணில் படாத கணக்கு அச்சம் தருவது இயல்பு. அந்த அச்சத்துக்கு ஓர் அரசு செவிசாய்த்தது பெரிய விஷயம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். பெற்றோர் வந்த முதல் வாரமே ஒருநாள் அவர்களோடு பேருந்தில் போங்கள். கார்டை அவர்களே வைக்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். அன்று இரவு வங்கிக் கணக்கைத் திறந்து, பிடித்த தொகையை அவர்கள் கண்ணில் காட்டிவிடுங்கள். மறுநாள் நீங்கள் அலுவலகம் போன பிறகு கோயிலுக்கோ பூங்காவுக்கோ அவர்களே போய்வருவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்