முட்டையா, கோழியா... இல்ல தயிர் சாதமா?

போன வாரம் இன்டர்னல் டென்ஷன்ல இருந்தப்ப பெரியம்மா பொண்ணு போன் பண்ணாங்க. அவங்க பையனுக்கு ஆறு வயசு, ஆட்டிசம் இருக்கு. 'குடலைச் சரி பண்ணினா ஆட்டிசம் சரியாயிடும்'னு குடும்ப வாட்ஸ்அப்ல யாரோ தட்டிவிட்டிருக்காங்க. கூடவே ஒரு புரோபயாட்டிக் பவுடர் விளம்பரம். "இன்ஜினியரிங்தானே படிக்கிறே, நிஜமானு பார்த்துச் சொல்லேன்" என்றார் அக்கா. நான் படிக்கிறது எலெக்ட்ரிக்கல், பாஸ்! ஆனா அந்தக் குரல்ல இருந்த ஆசையைக் கேட்டப்புறம் 'தெரியாது'னு சொல்ல வாய் வரலை. மூணு ராத்திரி உட்கார்ந்து படிச்சதுதான் இந்த வாரக் கச்சேரி.

கதையை ஆரம்பிச்சு வெச்சதே ஒரு அம்மாதான். அமெரிக்காவின் எலன் போல்ட். காது தொற்றுக்காகத் திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு அவர் மகனிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகள் தெரிந்தன. மருந்து நல்ல பாக்டீரியாக்களை விரட்டிவிட, கெட்டது ஏதோ குடலில் குடியேறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, நூலகமே கதியெனக் கிடந்து, 1998-ல் அதை மருத்துவ இதழில் கட்டுரையாகவே எழுதிவிட்டார். 2000-ல் சிகாகோ மருத்துவர்கள் 11 குழந்தைகளுக்கு வான்கோமைசின் என்ற மருந்தை 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வாய்வழியா கொடுத்தா இது ரத்தத்துல அவ்வளவா கலக்காது, குடலோடு நின்னுடும். பெரும்பாலான குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. மருந்தை நிறுத்தியதும் அது மெல்ல மெல்லக் கரைந்தும் போனது.

அடுத்த பரபரப்பு 2017-ல். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து பிரித்த பாக்டீரியாக்களை 18 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள் (முகம் சுளிக்காதீங்க, இது சீரியஸான வைத்தியம்!). வயிற்றுத் தொல்லை குறைந்தது. நடத்தையிலும் மாற்றம் தெரிந்ததாகச் சொன்னார்கள். இரண்டு வருஷம் கழித்தும் பலன் நீடித்ததாக 2019-ல் அறிவித்தார்கள். சூப்பர்ல?

கொஞ்சம் இருங்க. அந்த ஆய்வில் டம்மி மருந்து வாங்கிய குரூப்பே இல்லை. தன் பிள்ளைக்குப் புது வைத்தியம் நடக்குதுனு எல்லா அம்மா அப்பாவுக்கும் தெரியும். ஆசையோட பார்க்கிற கண்ணுக்குச் சின்ன சிரிப்புகூடப் பெரிய முன்னேற்றமாத் தெரியும் இல்லையா? அது பொய் இல்லை, பாசம். ஆனா அதை அளவுகோலா வெச்சா லேப்ல ரீடிங் எடுக்கிற நமக்கே மார்க் விழாது.

என்னை நிமிர்ந்து உட்கார வெச்சது 2021-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வுதான். மொத்தம் 247 குழந்தைகள். அதில் 99 பேருக்கு ஆட்டிசம். 51 பேர் அவர்களின் கூடப்பிறந்தவர்கள். மீதி 97 பேர் சம்பந்தமே இல்லாத குழந்தைகள். மலத்தில் இருந்த கிருமிகளின் மரபணுவை அலசியதோடு, யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்டார்கள். அங்கதான் ட்விஸ்ட்! ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு உணவின் வாசனை, நிறம், கொழகொழப்பு எல்லாமே பெரிய விஷயம். பிடிச்ச ரெண்டு மூணு ஐட்டத்தைத் தாண்ட மாட்டாங்க. சாப்பாட்டில் வெரைட்டி குறைந்தால் குடல் பாக்டீரியாவிலும் வெரைட்டி குறையும். அதாவது, குடலிலிருந்து ஆட்டிசத்துக்கு நாம போட்டு வெச்ச அம்புக்குறி, பெரும்பாலும் எதிர்த்திசையில் போகுதுங்கறாங்க. பிளாக் டயகிராம்ல இன்புட்டையும் அவுட்புட்டையும் மாத்தி வரைஞ்ச மாதிரி!

விவாதம் அதோடு முடிந்துவிடவில்லை. 2024-ல் ஹாங்காங் ஆய்வாளர்கள் 1,627 குழந்தைகளைப் பரிசோதித்து, பாக்டீரியா மட்டுமில்லாமல் பூஞ்சை, வைரஸ் வரை வித்தியாசம் இருப்பதாகவும், அவற்றில் 31 அடையாளங்களை வைத்து ஆட்டிசத்தைக் கண்டறிய உதவலாம் என்றும் சொன்னார்கள். 'அடையாளம்' வேற, 'காரணம்' வேற என்பதை மட்டும் மறந்துடாதீங்க. 2025-லோ இந்தத் துறையின் ஆய்வுகளில் பல சின்னவை, ஒன்றோடொன்று முரண்படுபவை, புள்ளியியலில் ஓட்டை உள்ளவை என்று கெவின் மிட்செல், டோரதி பிஷப், டேரன் டாலி மூவரும் சேர்ந்து ஒரே போடாகப் போட்டார்கள்.

நெட்டைப் பார்த்து, மல பாக்டீரியா வைத்தியத்தை வீட்டிலேயே முயற்சி செய்பவர்களும் இருக்கிறார்கள். ப்ளீஸ், அந்தப் பக்கமே போக வேணாம்னு சொல்லுங்க. 2019-ல் அமெரிக்காவில், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த இரண்டு பெரியவர்களுக்கு ஆராய்ச்சிக்காக இப்படிக் கொடுத்ததில், மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றி ஒருவர் இறந்தே போனார். அதுக்கு அப்புறம்தான் தானம் கொடுப்பவர்களின் மலத்தை இந்தக் கிருமிகளுக்காகவும் கட்டாயம் பரிசோதிக்கணும்னு அரசு உத்தரவு போட்டது.

எல்லாத்தையும் அக்காகிட்ட சொன்னேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மலச்சிக்கல், வயிற்றுவலி மத்த குழந்தைகளைவிட அதிகம். வலிக்குதுனு சொல்லத் தெரியாம அவங்க அழுது புரளலாம். அதனால வயித்தை வயித்துக்காகவே டாக்டர்கிட்ட காட்டுங்கனு சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ அவன் தயிர் சாதமும் அப்பளமும் மட்டுமே சாப்பிடறான்ல... நான் ஒழுங்கா ஊட்டாததாலதான் இப்படி ஆச்சுன்னு மாமியார் சொல்றாங்களே, அது?"

"இல்லக்கா. அவனுக்கு மத்ததோட வாசனை ஒத்துக்கல, அவ்வளவுதான்."

பவுடர் இன்னும் வாங்கலை. வெள்ளிக்கிழமை குழந்தை டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்காங்க.