குளிரூட்டலும் வாடகைதான்

துபாயில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு குடியேற நினைப்பவர்கள் முதலில் சம்பளத்தைப் பார்க்கிறார்கள், பிறகு வீட்டு வாடகையை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, பள்ளிக் கட்டணமும் மளிகையும் போக ஊருக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். மின்சாரமும் தண்ணீரும் 'இதர செலவு' என்ற வரியில் ஒதுங்கிவிடுகின்றன. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டி, நள்ளிரவிலும் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊரில் குளிரூட்டல் வசதிப் பொருள் அல்ல; கூரையையும் சுவரையும் போல வீட்டின் ஓர் உறுப்பு. ஆகவே அதற்கான செலவில் நிலையாக விதிக்கப்படும் பகுதியையாவது வாடகையாகவே கருதி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் காட்ட வேண்டும். இதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் வாதம்.

யூனிட் விலையை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. துபாய் மின்சார, நீர் ஆணையம் முதல் 2,000 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 23 ஃபில்ஸ் வாங்குகிறது. நம் பணத்தில் 5 ரூபாய்க்குச் சற்று மேல். 6,000 யூனிட்டைத் தாண்டினால்தான் அது 38 ஃபில்ஸ் ஆகிறது. பளு ஏறுவது வேறு இடங்களில். எரிபொருள் கூடுதல் கட்டணம் தனி. 2018 முதல் 5 சதவீத வாட் வரி தனி. ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாகப் பன்னிரண்டு பங்காக்கப்பட்டு இதே பில்லில் வருகிறது. 60,000 திர்ஹம் வாடகை வீடென்றால், ஒரு விளக்குகூடப் போடாத மாதத்திலும் 250 திர்ஹம் கட்ட வேண்டும். இணைப்புக்கு முன்பணம் ஃப்ளாட்டுக்கு 2,000 திர்ஹம், வில்லாவுக்கு 4,000. தண்ணீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்தது, காலனுக்கு 3.5 ஃபில்ஸில் தொடங்குகிறது. அதே காலன் கணக்கில் விதிக்கப்படும் கழிவுநீர்க் கட்டணம் 2025-இல் அரை ஃபில்ஸிலிருந்து ஒன்றரை ஃபில்ஸுக்கு உயர்ந்தது; 2027-இல் 2.8 ஆகப்போகிறது. குடிக்கும் நீரின் விலையைக் கழிவுநீரின் விலை நெருங்கிவருகிறது.

இவற்றையெல்லாம் விடப் புதிதாகப் போகிறவரைத் திகைக்க வைப்பது அங்கே எல்லோரும் 'சில்லர்' என்று சொல்லும் பில். புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் வீட்டுக்கு வீடு ஏசி எந்திரம் கிடையாது. மைய நிலையம் ஒன்றில் நீரைக் குளிரவைத்துக் குழாய் வழியே கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை இது சிக்கனமான முறை. அந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. குறை கட்டண அமைப்பின் மேல்தான். பயன்படுத்திய குளிர்ச்சிக்கு ஒரு தொகை, வீட்டுக்கென ஒதுக்கிய திறனுக்கு டன் கணக்கில் இன்னொரு தொகை. இரண்டாவது தொகை, கோடை விடுமுறைக்குக் குடும்பம் முழுவதும் ஊருக்கு வந்துவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். சில கட்டடங்களில் இதை உரிமையாளர் ஏற்கிறார், சிலவற்றில் வாடகைதாரர் தலையில் விழுகிறது. விளம்பரத்தில் 'சில்லர் ஃப்ரீ' என்று இருந்தாலும், குளிர்காற்றை அறைக்குள் தள்ளும் விசிறிகள் வீட்டு மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. ஒரே வாடகையில் இரண்டு வீடுகள். ஆண்டுச் செலவோ முற்றிலும் வேறு. அந்த வேறுபாடு முதல் கோடையில்தான் தெரியவருகிறது என்றால் அதைக் குடியேறியவரின் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமில்லை.

சிக்கனமாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஏசியை 24 டிகிரியில் வைக்கச் சொல்லும் அறிவுரை சரியானதே. நுகர்வு கூடக்கூட விலை கூடும் அடுக்கு முறையையும் நான் ஆதரிக்கிறேன். பாலைவனத்தில் மின்சாரத்தையும் நீரையும் வீணடிப்பவர் அதிகம் கொடுப்பதுதான் முறை. ஆனால் நிலையான கட்டணம் சிக்கனத்துக்குப் பலன் தருவதில்லை. சுவரின் காப்பும் சன்னல் கண்ணாடியும் வாடகைதாரர் கையில் இல்லை. பசுமைக் கட்டட விதிகள் துபாயில் புதிய கட்டடங்கள் அனைத்துக்கும் கட்டாயமானது 2014-இல்தான். தேரா, கராமா போன்ற பழைய பகுதிகளில் அதற்கு முன்பே எழுந்த கட்டடங்களில் வாடகை குறைவு என்று குடியேறுகிறவர்கள், வெயிலை உள்ளே விடும் சுவர்களுக்காக மின்கட்டணத்தில் ஈடு கட்டுகிறார்கள். ஏசியை முற்றிலும் அணைத்துவிட்டு ஊருக்குப் போனாலும் தொல்லைதான்; கடலோரப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

நிலையான கட்டணத்தை உரிமையாளர் ஏற்க வேண்டுமென்றால் வாடகையை அவ்வளவு ஏற்றிவிடுவார் என்பது வலுவான மறுப்பு. ஏற்றட்டும். அப்போது வீட்டின் உண்மை விலை ஓர் எண்ணாகத் தெரியும். பக்கத்து வீட்டோடு ஒப்பிடலாம், பேரம் பேசலாம். துபாயின் 2007-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாதவரை நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் கார் நிறுத்தமும் வாடகையில் அடக்கம் என்கிறது. நீச்சல் குளம் இல்லாமல் ஆகஸ்டைக் கழித்துவிடலாம், குளிரூட்டல் இல்லாமல் முடியாது. வருமான வரி இல்லாத நாட்டில் குளிரூட்டல் கட்டணத்தைக் கட்டுவதில் என்ன கஷ்டம் என்பவர்கள், அந்தச் சலுகை அதிகச் சம்பளக்காரருக்கே அதிகம் பயன்படுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. திறன் கட்டணம் வீட்டின் டன் அளவைப் பார்க்கிறதே தவிர, சம்பளத்தைப் பார்ப்பதில்லை.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள ஐக்கிய அரபு அமீரகம் கேட்கும் குறைந்தபட்சச் சம்பளம் 4,000 திர்ஹம். நிறுவனமே தங்குமிடம் தந்தால் 3,000. அதாவது ஒரு குடும்பம் தங்கும் செலவை அந்த விதி மாதம் 1,000 திர்ஹமாக மதிக்கிறது. அந்தத் தொகையில் துபாயில் தனிக் குடும்பத்துக்கு வாடகையே அடங்காது. இந்த வரம்பைத் தொட்டதும் மனைவி மக்களை அழைக்க நினைப்பவர்கள், வேலை உத்தரவு கைக்கு வரும்போதே நிறுவனத்திடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும்: வீட்டு வாடகைப் படியில் குளிரூட்டல் அடங்குமா, தங்குமிடம் தந்தால் சில்லர் பில்லை யார் கட்டுவது? ஆள் எடுக்கும் முகவர்களிடம் இதே கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும் என்று தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை வலியுறுத்தலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.