கடியை மறைக்கலாமா?

அடையாற்றுத் தெருக்களில் நடந்து பள்ளிக்கு வரும் நம்முள், நாய்க்குட்டியைக் கொஞ்சாதவர் யார்? கொஞ்சுவதைக்கூட மன்னிக்கலாம், பல்லோ நகமோ பட்ட கீறலை, அம்மா திட்டுவாரென்று மறைப்பதுதான் பெருந்தவறு. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பாட்டி சொல்லும் கதையும் நம் வாயை அடைக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தின் தயாரிப்பு நம் நாட்டில் 2004-இலேயே நின்றுவிட்டது. இன்று கையில் நாலைந்து தவணை ஊசிதான்; அரசு மருத்துவமனையில் இலவசம்.

வெறிநாய் என்றால் எச்சில் வடியத் துரத்தும் என்றே எண்ணுகிறோம். மூலையில் முடங்கிக் கிடக்கும் நாய்க்கும் அந்நோய் இருக்கலாம். கிருமி நரம்பு வழியே மெல்ல மூளைக்கு ஏறும். அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர் மிக அரிது. மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் (பாட்டி மன்னிப்பாராக!) வேண்டாம். குழாயடியில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்வோம். தாய்மாரே, அன்று ஒரு நாளாவது எங்களைத் திட்டாதீர்கள்!