உம்ரா விசாவோடு வரும் காப்பீடு எதுவரை கைகொடுக்கும்?

நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகைத் தகவலை அடிக்கடி பார்க்கிறோம். உம்ராவுக்குப் போன ஒருவர் நெஞ்சுவலியால் மக்காவில் மருத்துவமனையில் இருக்கிறார், பில் கட்ட உதவுங்கள் என்று சொல்லி, கீழே ஒரு வங்கிக் கணக்கு எண். நம் மக்களும் கொடுக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பயணியின் விசாவோடு ஒரு மருத்துவக் காப்பீடும் சேர்ந்தே வருகிறது என்பது அவருக்கும் தெரிவதில்லை, வசூலிக்கும் நமக்கும் தெரிவதில்லை.

வெளிநாட்டிலிருந்து உம்ராவுக்கு வருவோருக்கு இந்தக் காப்பீட்டை 2020-இல் சவூதி அரசு கட்டாயமாக்கியது. அதற்கான தொகை விசாக் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. அவசர சிகிச்சைக்கு 1,00,000 ரியால் வரை, நம் பணத்தில் 20 லட்ச ரூபாய்க்கும் மேல், காப்பு உண்டு.

சிக்கல் 'அவசரம்' என்ற சொல்லில் இருக்கிறது. திடீர் மாரடைப்பு அதில் அடங்கும். கொண்டுபோன சுகர் மாத்திரை தீர்ந்து டாக்டரைப் பார்ப்பதும், பல வருட முழங்கால் வலிக்கு ஊசி போடுவதும் அடங்காது. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஹஜ் காலத்தில் சவூதி அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை உண்டு. இந்திய அரசும் மக்காவிலும் மதீனாவிலும் மருத்துவர்களை அமர்த்துகிறது. அதே ஏற்பாட்டை உம்ராவிலும் எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று. உம்ரா முடிந்து, துபாயில் இருக்கும் மகனையும் பார்த்துவிட்டு வரலாம் என்று பெற்றோர் கிளம்புவது இப்போது சாதாரணம். சவூதி எல்லையைத் தாண்டியதும் அந்தக் காப்பீடு உதவாது. ஊரில் எடுத்த மெடிகிளைம் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வெளிநாட்டில் செல்லாது. ஆக, அங்கே தனிப் பயணக் காப்பீடு இல்லையென்றால் முழு பில்லும் மகன் தலையில்தான்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சுகர், பிரஷர், பழைய ஆஞ்சியோ எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிவிட வேண்டும். பிரீமியம் கூடுமே என்று மறைத்தால், அதைக் காரணம் காட்டியே கிளைம் மறுக்கப்படும். எழுதினாலும் பழைய நோய்களுக்கு முழுக் காப்பு கிடைக்கும் என்பதில்லை. பாலிசியில் அந்தப் பகுதியைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

காப்பீடு கூடுமா என்ற தயக்கமும் நம்மில் பலருக்கு உண்டு. வணிகக் காப்பீடு கூடாது, கூட்டுறவு முறையிலான காப்பீடு கூடும் என்று சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1985-இல் ஜித்தாவில் முடிவு செய்தது. இந்தியாவில் பயணக் காப்பீடு வாங்குவதில் ஐயம் உள்ளவர்கள், டிக்கெட் போடும் முன்பே தங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது. மருத்துவமனை வாசலில் நின்று கேட்பதில் பயனில்லை.

இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. வெளிநாட்டில் தவிக்கும் வசதியற்ற இந்தியர்களின் அவசர சிகிச்சைக்கு இதிலிருந்து உதவலாம். பொருளாதார நிலையைப் பார்த்தே கொடுப்பார்கள் என்பதால், இதை மட்டும் நம்பிப் பயணம் கிளம்ப முடியாது.

ட்ராவல்ஸ்காரர்களிடம் நாம் கேட்பது இதுதான்: வழியனுப்பு நிகழ்ச்சியில் பையும் குடையும் கொடுக்கும்போது, காப்பீட்டு எண்ணையும் அது செல்லுபடியாகும் தேதியையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பயணியின் கையிலும் கொடுங்கள். ஊரிலிருக்கும் பிள்ளைகளிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.