வீட்டுக்குள் வர வேண்டியது பேட்டரி மட்டுமே

நவம்பர் பிறந்துவிட்டால் டொராண்டோவில் பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலைதான்: அடுத்த நான்கைந்து மாதம் வண்டியை எங்கே விடுவது? சாலையில் பனி உறையாமலிருக்க மாநகராட்சி உப்பைக் கொட்டத் தொடங்கும். அந்த உப்பு செயினையும் சைலன்சரையும் வீல் ரிம்மையும் அரிக்கும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவுக்குப் பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் மாட்டாத மோட்டார் சைக்கிளைச் சாலையில் ஓட்டவே கூடாது. ஜெர்மனியில் 1997 முதல் பருவகால நம்பர் பிளேட் நடைமுறையில் இருக்கிறது. அதை வாங்கியவர்களால், பிளேட்டில் அச்சிட்ட மாதங்கள் தவிர மற்ற மாதங்களில் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டவும் முடியாது, நிறுத்தி வைக்கவும் முடியாது.

சொந்த வீடும் கராஜும் உள்ளவர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவருக்கும், அடுக்குமாடியில் ஒரே ஒரு கார் நிறுத்துமிடம் கிடைத்தவருக்கும்தான் திண்டாட்டம். வெளியே விட்டால் திருட்டுப் பயம், பனி வேறு. எனவே சிலர் படியில் பலகையைச் சாய்த்துப் போட்டு, நண்பர்களைத் துணைக்கு அழைத்து, வண்டியை வீட்டுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டியின் மேல் அந்த அக்கறை இருப்பது நியாயமே. ஆனால் டேங்கில் பெட்ரோலோடு நிற்கும் பைக்கை மனிதர்கள் உறங்கும் இடத்தில் வைப்பது ஆபத்து. அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய தேவையும் கிடையாது.

பெட்ரோலின் குணத்தை முதலில் பார்க்க வேண்டும். மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்கு அது ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலைந்து போகாமல் தரையோடு தரையாகப் பரவும். கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் போகும். கனடாவில் பல வீடுகளின் பேஸ்மென்ட்டில்தான் கேஸ் வாட்டர் ஹீட்டரும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் இருக்கின்றன. ஹீட்டரின் தீ எரியும் பகுதி அதன் அடியில், தரைக்குச் சற்று மேலே இருக்கும். கராஜில் கேஸ் ஹீட்டர் வைத்தால் தீ மூட்டும் பகுதி தரையிலிருந்து 18 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது இதனால்தான்.

வெப்பம் ஏறினால் பெட்ரோல் விரியும் என்பது இன்னொன்று. மைனஸ் 10 டிகிரியில் 15 லிட்டர் நிரம்பிய டேங்கை 20 டிகிரி வெப்பமுள்ள அறைக்குக் கொண்டுவந்தால், உள்ளே இருப்பது ஏறத்தாழ 400 மில்லி கூடும். விளிம்புவரை நிரப்பியிருந்தால் அந்தக் கூடுதல் பெட்ரோல் மூடியின் வழியாகவோ காற்றுக்குழாயின் வழியாகவோ தரையில்தான் சொட்டும். டேங்கைக் காலி செய்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. காலி டேங்கில் நிறைந்திருப்பது ஆவி, பற்றிக்கொள்வதும் ஆவிதான். கனடாவின் தேசியத் தீத்தடுப்பு விதித்தொகுப்பு, ஒரு குடியிருப்புக்குள் சேமித்து வைக்கும் பெட்ரோல் போன்ற எளிதில் தீப்பற்றும் திரவத்துக்கு 5 லிட்டர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒரு நடுத்தர பைக்கின் டேங்க் அதைப்போல மூன்று மடங்கு கொள்ளும்.

‘வீட்டில் அலாரம் இருக்கிறதே’ என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். ஒன்டாரியோ வீடுகளில் 2014 முதல் கட்டாயமாக்கப்பட்டது கார்பன் மோனாக்சைடு அலாரம். பெட்ரோல் ஆவியைக் கண்டறிவது அதன் வேலை இல்லை. அந்த ஆவியில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் உண்டு. வீட்டோடு ஒட்டிய கராஜிலிருந்து உள்ளே கசியும் பென்சீனைப் பற்றியே கனடா சுகாதாரத் துறை மக்களை எச்சரிக்கிறது. வண்டி வரவேற்பறையிலேயே நின்றால் இடையில் ஒரு சுவர்கூட இல்லை.

சரி, இத்தனை ஆபத்தை ஏற்று உள்ளே கொண்டுவருவதால் வண்டிக்காவது நன்மை உண்டா? பெரிதாக இல்லை. இரும்பையும் அலுமினியத்தையும் குளிர் மட்டும் கெடுத்துவிடாது. கெடுப்பவை உப்பு, ஈரம், பழைய பெட்ரோல், சார்ஜ் இறங்கிய பேட்டரி ஆகியவை. குளிரில் நின்ற வண்டியைச் சூடான அறைக்குள் தள்ளினால், வெளியிலிருந்து வந்தவரின் மூக்குக்கண்ணாடியில் படிவதுபோல, அதன் உலோகமெங்கும் நீர்த்துளி படியும். காய்ந்த, காற்றோட்டமுள்ள, சூடேற்றாத ஒரு கொட்டகையே அதற்குப் போதும்.

குளிருக்கு உண்மையிலேயே பயப்பட வேண்டியது பேட்டரி. முழு சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி, மீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அது மைனஸ் 50 டிகிரி வரை உறையாது. சார்ஜ் முற்றிலும் இறங்கிவிட்டால் மைனஸ் 10 டிகிரிக்குள்ளேயே உறைந்து பெட்டி விரிசல் விடும். டொராண்டோவின் ஜனவரி இரவுகள் பல அதைவிடக் குளிரானவை. இதற்கு முழு வண்டியையும் தூக்கிவர வேண்டியதில்லை. சீட்டைக் கழற்றி, கறுப்பு வயரை முதலிலும் சிவப்பு வயரைப் பிறகும் விடுவித்தால், மூன்று நான்கு கிலோ எடையுள்ள பேட்டரி கையோடு வந்துவிடும். காற்றோட்டமான அலமாரி ஒன்றில் வைத்து, பராமரிப்பு சார்ஜரில் அவ்வப்போது சார்ஜ் ஏற்றினால் வசந்தம் வரை தாங்கும்.

மற்ற வேலைகளையெல்லாம் வெளியிலேயே முடித்துவிடலாம். ஒன்டாரியோவில் விற்கும் சாதாரண பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின் படியும். டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, திறந்தவெளியில் சில நிமிடங்கள் எஞ்சினை ஓட்டினால் மருந்து உள்ளே போய்ச் சேரும். உப்பைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, எஞ்சின் ஆயிலை மாற்றி, எலி புகாதபடி சைலன்சர் வாயை அடைத்து, காற்றுப் புகும் உறையால் மூடினால் முடிந்தது. உள்ளே ஈரம் தங்காமலிருக்கவும் துரு பிடிக்காமலிருக்கவும் நிரம்பிய டேங்க்தான் வண்டிக்கு நல்லது. அதே நிரம்பிய டேங்க் வீட்டுக்குள் ஆகவே ஆகாது. இந்த இரண்டும் ஒத்துப்போக ஒரே வழி, வண்டி வெளியில் இருப்பதுதான். இடையிடையே ‘சும்மா ஸ்டார்ட் செய்து’ பார்ப்பதையும் விட்டுவிட வேண்டும். சில நிமிட ஓட்டத்தில் எஞ்சினுக்குள் உண்டாகும் நீராவி காயாமல் தங்கிவிடும். மூடிய இடமென்றால் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.

மின்சார வண்டிகளுக்குக் கணக்கு வேறு, அபாயம் குறைவில்லை. 2023 டிசம்பர் 31 அன்று டொராண்டோ சுரங்க ரயிலில் ஒரு மின்சார மிதிவண்டி தீப்பிடித்தது. அடுத்த ஆண்டே நகரப் போக்குவரத்து ஆணையம், குளிர்கால மாதங்களில் அவற்றை ரயிலிலும் பேருந்திலும் ஏற்றத் தடை விதித்தது. பனியே காணாத வேலூரில் 2022 மார்ச்சில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார இருசக்கர வாகனம் இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். திருட்டுக்குப் பயந்து நடையிலும் கூடத்திலும் வண்டியை ஏற்றி வைக்கும் பழக்கம் தமிழ்நாட்டுத் தெருக்களிலும் பரவலாக உண்டு. வாசலருகே நிற்கும் வண்டி பற்றினால், தப்பி ஓட வேண்டிய வழியே அடைபட்டுப்போகும்.

வண்டிக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இடமில்லாதவரிடம் ‘உள்ளே வைக்காதே’ என்றால் அவர் எங்கே போவார்? அடுக்குமாடி நிர்வாகங்கள், நிலத்தடி நிறுத்துமிடத்தில் கார் நுழையாத மூலைகளைக் குளிர்காலத்துக்கு மட்டுமாவது பைக்குகளுக்கு வாடகைக்கு விடலாம். பின்புறக் கொட்டகை வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள், வாடகை பேசும்போதே அதில் ஓரிடத்தை எழுதிக் கொடுக்கலாம். கராஜ் உள்ள நண்பரிடம் நாலைந்து பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். குளிர்காலக் காப்பகம் நடத்தும் பைக் கடைகளும் உண்டு. பனி விழுந்த பிறகு அலைவதைவிட, செப்டம்பரிலேயே விசாரித்து வைப்பது நல்லது. அப்போதே காப்பீட்டு முகவரையும் கேட்டுவிட வேண்டும்: ஓட்டாத மாதங்களுக்கான காப்பீட்டை நிறுத்தும்போது, தீக்கும் திருட்டுக்குமான பாதுகாப்பு மட்டும் தொடர்கிறதா என்று.