ஆறாம் வகுப்பு எங்கே படித்தாள்? நர்ஸ் படிப்பு மனுவில் சிக்கும் தமிழர் பிள்ளைகள்

பெங்களூர் மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் கர்நாடகத் தேர்வு ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. டாக்டர் படிப்பானாலும், நான்கு வருட பி.எஸ்.சி. நர்ஸிங் ஆனாலும், இம்மாநிலத்தில் அரசு ஒதுக்கீட்டு இடம் வேண்டுமென்றால் மனு இந்த ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பட்டம் கொடுப்பது ஜெயநகரில் உள்ள ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். 1996-ல் அது ஏற்பட்ட பிறகு மாநிலத்தின் மருத்துவ, நர்ஸிங் கல்லூரிகளில் பெரும்பாலானவை அதன் கீழ் வந்துவிட்டன.

மார்க்கைப் பற்றி எல்லாப் பெற்றோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் மார்க்குக்கு முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. பிள்ளை எங்கே படித்தது? ஜாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தது? பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதல் கேள்விக்கான விதி எளிமையானது. ஒன்றாம் வகுப்பு முதல் பி.யு.சி. இரண்டாம் ஆண்டு வரையிலான படிப்பில் ஏழு ஆண்டுகளாவது கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.யோ பி.யு.சி.யோ இங்கே தேறியிருக்க வேண்டும். தாய்மொழி எது என்று இந்த விதி கேட்கவில்லை. ஆனால் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்தவர்கள், கைக்குழந்தைப் பருவம் கழிந்ததும் பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிடுவது வழக்கம். திருப்பத்தூரிலோ தர்மபுரியிலோ ஐந்தாவது வரை படித்து, ஆறாவதுக்கு இங்கே வந்து சேர்ந்தால் பி.யு.சி. முடிய ஏழு ஆண்டு சரியாக நிரம்பும். ஏழாவதுக்கு வந்தால் ஆறுதான். வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் ஒரு வருடம் தள்ளிப் போட்ட குடும்பத்துக்கு, அந்த ஒரு வருடத்தின் விலை பிறகுதான் தெரியும்.

பெற்றோர் இம்மாநிலத்தில் படித்திருந்தால் அதற்கு வேறு விதி உண்டு. மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் தனி விதி உண்டு. பாதையோரத்தில் இட்லி விற்பவருக்கு இவை இரண்டும் உதவப் போவதில்லை.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. ஆதி திராவிடர் என்ற பெயர் தமிழ்நாட்டின் ஷெட்யூல்டு வகுப்புப் பட்டியலிலும் இருக்கிறது, கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. பெயர் ஒன்றாயிற்றே, சலுகையும் ஒன்றுதானே என்று நினைப்பது இயல்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இதைத் தீர்த்தது ஒரு மருத்துவக் கல்லூரி மனுதான். ஆந்திரத்தில் தெனாலியில் பிறந்த ஒரு பையன், ஷெட்யூல்டு பழங்குடியைச் சேர்ந்தவன். தந்தைக்கு மத்திய அரசின் உர நிறுவனத்தில் வேலை. ஒன்பது வயதில் பம்பாய்க்கு வந்தான். பன்னிரண்டாம் வகுப்பை மகாராஷ்டிரத்தில் தேறி, பழங்குடி இட ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டான். இடம் மறுக்கப்பட்டது. சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி டீனை எதிர்த்த அந்த வழக்கில், 1990 மே 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஒரு வகுப்பார் ஒரு மாநிலத்தில் அனுபவிக்கும் தாழ்நிலை இன்னொரு மாநிலத்திலும் அதே அளவு இருக்கும் என்று கொள்ள முடியாது. ஆகவே குடிபெயர்ந்தவருக்குச் சொந்த மாநிலத்தில்தான் சலுகை என்பது தீர்ப்பின் சாரம்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியிலிருந்து வருபவர்கள் பங்கு கேட்டால், உள்ளூர் ஏழைகளின் இடம்தான் குறையும். ஆனால் வாணி விலாஸ் ஆஸ்பத்திரியில் பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, சேரி வீட்டிலிருந்தே வரும் பெண்ணிடம் உன் தாழ்நிலை வேறு மாநிலத்தது என்று சொன்னால் அவளுக்கு என்ன புரியும்?

எது சொந்த மாநிலம்? அதற்கு ஒரு தேதி இருக்கிறது. ஷெட்யூல்டு வகுப்புகளுக்கான ஜனாதிபதி உத்தரவு பிறந்தது 1950 ஆகஸ்ட் 10. அன்றைக்குக் குடும்பத்தின் நிலையான இருப்பிடம் எங்கே என்பதே கணக்கு என்று மத்திய உள்துறை 1977-ல் விளக்கியது. எச்.ஏ.எல். 1940-ல் தொடங்கியது. அப்போதே வந்து இங்கே நிலைத்த ஆதி திராவிடத் தொழிலாளியின் கொள்ளுப்பேத்தி கர்நாடகத்துக்காரி. 1954-ல் பி.இ.எல். தொடங்கிய பிறகு வந்தவரின் கொள்ளுப்பேத்தி தமிழ்நாட்டுக்காரி. இருவரும் ஒரே தெருவில் வசிக்கலாம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கலாம். தண்டுப் பகுதியிலும் தங்கவயலிலும் அதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றிய குடும்பங்கள் ஏராளம். ஆனால் தாசில்தார் கேட்பது வேரை அல்ல, பத்திரத்தை. பழைய பள்ளி ரிஜிஸ்டரோ, ஆலையின் வேலைச் சீட்டோ வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

அப்படியானால் தமிழ்நாட்டுச் சான்றிதழ் வெறும் காகிதமா? இல்லை. ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மத்திய அரசின் நிறுவனம். 2012-ம் ஆண்டுச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் பெற்றது. அங்கே நர்ஸிங் படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு. ஷெட்யூல்டு வகுப்பு ஒதுக்கீட்டுக்கு எந்த மாநிலச் சான்றிதழும் செல்லும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கும் அப்படியே. மல்லேஸ்வரத்தில் பயன்படாத காகிதம் ஓசூர் ரோட்டில் பயன்படுகிறது. இது தெரியாமலே பொதுப் பிரிவில் மனுப் போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு.

சொந்த மாநிலத்துக்கே போகலாம் என்றால் அங்கேயும் ஆறாம் வகுப்புதான் குறுக்கே நிற்கிறது. வெளியில் படித்த தமிழ்நாட்டார், பூர்வீகச் சான்றிதழுடன் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மனுச் செய்ய முடியும். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. பெங்களூர் அரசுப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளை அந்தக் கணக்கில் வராது.

மாற்றல் உத்தரவால் மாநிலம் மாற நேர்ந்தவர்களின் நிலையை 1990 தீர்ப்பு எண்ணிப் பார்க்காமல் இல்லை. அவர்களுக்குச் சட்டமன்றங்கள் வழி செய்யலாம் என்று நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். அப்படி ஒரு சட்டத்தைப் பாராளுமன்றம் கொண்டு வரவில்லை. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிக்கு அரை மணி பஸ் பயணம்தான். சான்றிதழுக்கு அது மாநில எல்லை.

ஊரில் தந்தையின் பெயரில் ஜாதிச் சான்றிதழ் இருந்தால், அதைக் காட்டி பிள்ளைக்கு இங்கேயே சான்றிதழ் கேட்கலாம் என்று 1982-ல் உள்துறை அனுமதித்திருக்கிறது. அது சொந்த மாநிலச் சலுகைக்கும் மத்திய அரசுச் சலுகைக்குமே செல்லும். தந்தையிடமே சான்றிதழ் இல்லாத வீடுகளில், அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது முதலில் போக வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ்.